மூன்றடுக்கு மண்பானைக் கம்போஸ்டர்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

பால்கனியில் 2 அடிக்கு 2 அடி நிழலான இடமும், மாதம் ஒரு சாக்குக் காய்ந்த சருகு கிடைக்க வழியும் இருந்தால், சமையலறைக் கழிவை உரமாக்கும் இந்தப் பானையை யோசிக்காமல் வாங்கலாம். இடம் இருந்து சருகுக்கு வழி இல்லை என்றால், முதலில் சருகைத் தேடுங்கள். பானையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விற்பனைப் பக்கங்களில் பானையின் படம்தான் பெரிதாக இருக்கும். கழிவின்மேல் சருகுக்குப் பதிலாகத் தூவ, கூடவே வரும் தூள் பொட்டலம் ஓரத்தில் சின்னதாகத் தெரியும். வாங்கிய வீடுகளில் இரண்டாம் மாதம் தகராறு வருவது பெரும்பாலும் அந்தப் பொட்டலம் தீர்ந்த வாரத்தில்தான்.

இந்த வடிவத்தைப் பரவலாக்கியது பெங்களூரின் டெய்லி டம்ப், பூனம் பீர் கஸ்தூரி 2006இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய ‘கம்பா’ என்ற அடுக்குப் பானையைப் பார்த்து இன்று ஆளாளுக்கு ஒரு பெயரில் அடுக்குப் பானை விற்கிறார்கள். அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மூடி, ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும் மூன்று பானைகள். மேலே உள்ள இரண்டுக்கும் அடிப்பாகம் கிடையாது. அந்த இடத்தில் கயிற்றுப் பின்னலோ கம்பி வலையோ இருக்கும். கீழ்ப் பானைக்கு மட்டும் மூடிய அடி. பக்கவாட்டில் காற்றுத் துளைகள். அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். தெரிந்த குயவர் இருந்தால் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம், கணிசமாகக் குறையும்.

பிளாஸ்டிக் தொட்டியை விட்டு மண்பானைக்குப் போவது அழகுக்காக அல்ல. சமையலறைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். காய்த் தோல், கீரைத் தண்டு, பழத் தோல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் நான்கு பங்கு ஈரம்தான். பிளாஸ்டிக் தொட்டியில் அந்த ஈரம் அடியில் இறங்கித் தேங்கும், அதை வடிக்க ஒரு குழாய் வேண்டும், அந்தக் குழாய் மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். சுட்ட மண் அந்த ஈரத்தை உறிஞ்சி வெளிப்பக்கமாக ஆவியாக்கிவிடுகிறது. சரியாக நடக்கிற பானையின் அடியில் ஒரு சொட்டுக்கூட வடியாது. வடிந்தால், போடும் கழிவுக்கு ஏற்ற காய்ந்த பொருள் போடவில்லை என்று அர்த்தம்.

ஆனால் மண் என்றால் எல்லாம் ஒரே மண் இல்லை. விரலை மடக்கித் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று சத்தம் வந்தால் சூடு பற்றாத பானை. அது ஆறேழு மாதத்தில் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்து, பிறகு செதில் செதிலாக உதிரும். கழிவில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து மண்ணுக்குள் ஊறி, வெளிப்பரப்பில் காய்ந்து படிகமாகிறது. அந்தப் படிகம் மண்ணைப் பிளக்கிறது. நன்றாகச் சுட்ட பானையிலும் வெள்ளைப் பூப்பு வரும், பயப்பட வேண்டாம், தேங்காய் நார் வைத்துத் தேய்த்தால் போய்விடும். உதிர ஆரம்பித்தால்தான் பிரச்சினை. சாம்பார் மீதியையும் ஊறுகாய் எண்ணெயையும் தினமும் கொட்டுகிற வீட்டில் எந்தப் பானையும் சீக்கிரம் உதிரும்.

கடையிலேயே அடுக்கிப் பாருங்கள். மேல் பானையின் விளிம்பு கீழ்ப் பானைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். இடுக்கில் சுண்டு விரல் நுழைந்தால் கரப்பான் பூச்சியும் நுழையும். மூடி விளிம்பைத் தாண்டி ஓரங்குலமாவது வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

அளவு விஷயத்தில் விற்பவர்கள் ‘2–4 பேருக்கு’, ‘4–6 பேருக்கு’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அவர்கள் கணக்கில் இருக்கும் குடும்பம் தினமும் கீரை ஆய்வதில்லை, முருங்கைக்காய் குழம்பு வைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை தர்ப்பூசணி வெட்டுவதில்லை. நால்வர் இருக்கும் நம் வீட்டில் நாளுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை ஈரக் கழிவு வரும். ஒரு பானை நிறைய மூன்று வாரமாவது ஆக வேண்டும். அதற்கு முன்பே நிறைந்தால் பானை உங்களுக்குச் சிறியது; கீழே உள்ளது மக்குவதற்குள் மேலே உள்ளது இறங்கி வந்துவிடும். 25 லிட்டருக்குக் குறைந்த பானைகளை இருவர் வீட்டுக்கு மேல் யோசிக்க வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் கீழ்ப் பானையை நிறுத்துங்கள், தரைக்கும் பானைக்கும் நடுவே காற்று போகட்டும். மேல் பானையின் வலைமேல் நாளிதழ் இரண்டு தாள் விரித்து, நான்கு விரல் உயரத்துக்குச் சருகோ கோகோபீட்டோ (தேங்காய் நார்த் தூள்) பரப்புங்கள். அதன்மேல் ஒரு கைப்பிடி பழைய கம்போஸ்ட், இல்லாவிட்டால் புளித்த மோர் ஒரு டம்ளர். நுண்ணுயிர்ப் பொட்டலம் என்று தனியாக விற்பதை வாங்கத் தேவையில்லை. முதல் பானை மக்கியதும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுத்ததில் போட்டால் போதும்.

அன்றாடக் கழிவைப் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் ஒரு ஓட்டைக் கூடையில் சேர்த்து வைத்து, தண்ணீர் வடிந்த பிறகு போடுங்கள். இந்த ஒரு பழக்கம் நாற்றப் பிரச்சினையில் பாதியைத் தீர்த்துவிடும். பெரிய துண்டுகளை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிப் போடுங்கள். அதற்குமேல் மிக்ஸியில் அரைத்து ஊற்றுகிறேன் என்று போகாதீர்கள். கூழாகிவிட்டால் காற்று போக இடமிருக்காது. கழிவு போட்டதும் அது கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் காய்ந்த பொருளால் மூட வேண்டும். ஒரு வாழைப்பழத் தோலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், மறுநாள் மூடியைத் திறக்கும்போது பழ ஈக்கள் முகத்தில் வந்து மோதும். வாரத்துக்கு இருமுறை ஒரு சிறு முள்கரண்டியால் அடிவரை கிளறிவிடுங்கள்.

மேல் பானை நிறைந்ததும் அதை நடுவுக்கு இறக்கி, காலியாக உள்ள நடுப் பானையை மேலே வையுங்கள். அதுவும் நிறைந்தால், நடுவில் இருப்பதைக் கீழ்ப் பானையில் கொட்டிவிட்டு மறுபடி இடம் மாற்றுங்கள். மூன்றாம் முறை மாற்றும்போது கீழே இருப்பதை எடுக்கலாம். முதல் உரம் கைக்கு வர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். ‘30 நாளில் உரம்’ என்று எழுதியிருந்தால், அது மேல் பானை நிறைவதற்கு ஆகும் நாள்.

நிறைந்த பானை 15 கிலோவைத் தாண்டும். இதுதான் இந்தப் பொருளின் உண்மையான குறை. இடுப்பு உயரத்தில் இருந்து அதை இறக்கி ஏற்ற வேண்டும், பிடிக்கக் கைப்பிடி இருக்காது, விளிம்பைப் பிடித்தால் உடையும். முதுகுவலி உள்ளவர்களும் தனியாக இருக்கும் பெரியவர்களும் பானையைத் தூக்காமல், உள்ளே இருப்பதைச் சிறு முறத்தால் அள்ளி மாற்றிக்கொள்ளலாம். கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

சருகுதான் சங்கதி

மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் அது சுமார் 15 முதல் 20 பங்குதான் இருக்கிறது. மீனும் பருப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். காய்ந்த இலையில் 50க்கு மேல். கோகோபீட்டில் 100ஐ ஒட்டி. மரத்தூளில் நானூறைத் தாண்டும். அதனால்தான் அளவும் மாறுகிறது: நொறுக்கிய சருகு என்றால் கழிவுக்குச் சரிக்குச் சரி, கோகோபீட் என்றால் கழிவில் பாதி, மரத்தூள் என்றால் ஒரு கைப்பிடி. எல்லாம் கொள்ளளவுக் கணக்கு, எடை அல்ல; ஒரே கிண்ணத்தால் இரண்டையும் அளந்து போட்டால் கை பழகிவிடும்.

கோகோபீட் 5 கிலோ கட்டியாகக் கிடைக்கிறது, நனைத்தால் 70 லிட்டர் அளவுக்கு ஊதும். செடிக்குச் செய்வதுபோல அதை நனைத்து உதிர்த்துப் பானையில் போடுகிறவர்கள் நிறைய. கழிவின் ஈரத்தைக் குடிக்கத்தான் அதைப் போடுகிறோம். ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த கோகோபீட் என்ன செய்யும்? கட்டியைச் சுத்தியலால் தட்டி, உதிராத பாகத்துக்கு மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, உதிர்ந்ததை ஒரு நாள் வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். நால்வர் வீட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் வரும். கழுவாத கோகோபீட்டில் உப்பு அதிகம், அது கடைசியில் உரத்தில்தான் வந்து சேரும். ‘இ.சி. குறைந்தது’ (அதாவது உப்பு குறைந்தது) என்று எழுதிய கட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், காசு கொடுத்துக் கோகோபீட் வாங்குவதைவிடத் தெருவில் விழும் சருகே மேல். குப்பையைக் குறைக்க என்று பிளாஸ்டிக் பையில் அடைத்த தூளை மாதாமாதம் தபாலில் வரவழைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. அபார்ட்மென்ட் பெருக்குகிறவர்களிடம் சொல்லி வைத்தால் கொளுத்துவதற்கு முன் ஒரு சாக்கு கிடைக்கும். வேம்பு, தூங்குமூஞ்சி, மயில்கொன்றை போன்ற சிற்றிலைகள் சீக்கிரம் மக்கும். மா, பலா, தேக்கு இலைகள் தடிப்பானவை. சாக்கில் கட்டி மிதித்து நொறுக்காமல் போட்டால் மூன்று மாதம் கழித்தும் இலையாகவே இருக்கும். தைல மர இலை வேண்டாம். மரத்தூள் வாங்கினால் வெறும் மரம் அறுத்ததாக இருக்கட்டும், பிளைவுட், எம்.டி.எஃப். பலகைத் தூளில் பசை கலந்திருக்கும்.

நம் சமையலறையில் எது போகும், எது போகாது

காபி வடிகட்டிய தூள் அருமையான சரக்கு. ஆனால் ஃபில்டரில் இருந்து தட்டும்போது வட்ட வில்லையாக விழுகிறதே, அதை உதிர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அப்படியே பூசணம் பூத்துக் கல்லாகிவிடும். பால் கலந்த டீத்தூளை ஒருமுறை அலசிப் போடுங்கள். டீ பை வேண்டாம், பலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். புளிச் சக்கை, எலுமிச்சை மூடி கொஞ்சமாகப் போகலாம். முருங்கைச் சக்கையும் பச்சைத் தேங்காய் நாரும் உள்ளே போனால் இரண்டு மூன்று சுற்று வரும். கொட்டாங்குச்சி, மாங்கொட்டை, சோளக் கட்டை போடவே வேண்டாம்.

சோறு தனிக் கதை. ஒரு கரண்டி மீந்ததைச் சருகோடு பிசறிப் போடலாம். பழைய சோற்றுப் பானையைக் கவிழ்த்தால் அது பசைபோல் அப்பி, நடுவில் காற்றே புகாத கட்டியாகிப் புளித்து நாறும். மீன் செதிலும் எலும்பும் மக்காமல் போகாது, ஆனால் எலி வரும், தரைத்தள வீடு என்றால் பெருச்சாளியே வரும். பானையின் மூடி அதற்கு ஒரு தடை இல்லை. எண்ணெயும் உப்பும் கூடிய மீதியைப் போடாமல் இருப்பதற்கு எளிய வழி, மீதி வராமல் சமைப்பதுதான்.

சாமிக்குப் போட்ட மாலையில் பூ மட்டும் போகட்டும். வாழைநாரில் கட்டியது என்றால் அப்படியே போடலாம். இப்போது பெரும்பாலும் செயற்கை நூலில்தான் கட்டுகிறார்கள். மூன்று மாதம் கழித்துச் சலிக்கும்போது அந்த நூல் ஒரு பந்தாகச் சுற்றிக்கொண்டு முள்கரண்டியோடு வரும். அதேபோல, ‘கம்போஸ்டபிள்’ என்று அச்சிட்ட பச்சைப் பைகள். ஐ.எஸ். 17088 தரச் சான்று பெற்ற பைகூட, பெரிய ஆலையில் 58 டிகிரியை ஒட்டிய சூட்டில் மக்குவதற்காகச் செய்தது. வீட்டுப் பானை அந்தச் சூட்டுக்குப் போகாது. பை முழுசாக வெளியே வரும்.

கோளாறும் காரணமும்

கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தச் சோதனை தெரிந்தால் மீதியைப் பானையே சொல்லிவிடும். மூக்கைத் துளைக்கும் கார நெடி என்றால் நைட்ரஜன் கூடிவிட்டது, சருகு போடுங்கள். அழுகிய முட்டை அல்லது சாக்கடை நாற்றம் என்றால் ஈரம் கூடிக் காற்று நின்றுவிட்டது. அடிவரை கிளறி, சருகு கலந்து, ஒரு நாள் மூடியை ஒதுக்கி வையுங்கள், திறப்பின்மேல் கொசுவலை கட்டிவிட்டு. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கத்திரி வெயிலில் இது அடிக்கடி நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு: வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் மண்சுவர் வழியே ஆவி போகாது, அந்த இரண்டு மாதமும் சருகை ஒன்றரை மடங்காக்க வேண்டும். மழைக்கு முன்பே சருகைக் காயவைத்துக் கட்டி வைக்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளைப் பஞ்சுபோல் பூசணம் பிடித்தால் சந்தோஷப்படுங்கள், வேலை நடக்கிறது. சாம்பலை அள்ளிக் கொட்ட வேண்டாம். காரத்தன்மை கூடி நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

புழுதான் பலரையும் பானையைத் தெருவில் வைக்க வைப்பது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட வெளுத்த, ஒருபக்கம் கூரான புழு என்றால் வீட்டு ஈயினுடையது. கழிவு திறந்து கிடந்திருக்கிறது. வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு கைப்பிடி தூவிச் சருகால் மூடினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக, வளையம் வளையமாக, பழுப்பாக இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. பார்க்கத்தான் பயங்கரம். அது கழிவை வெகு வேகமாகத் தின்று முடிக்கும், அதன் ஈ கடிப்பதில்லை, நம் சாப்பாட்டில் வந்து உட்காருவதும் இல்லை. ஒரே தொல்லை, கூட்டுப்புழுவாகும் சமயத்தில் காய்ந்த இடம் தேடி ராத்திரியில் காற்றுத் துளை வழியே வெளியேறும். காலையில் பால்கனித் தரையில் கிடக்கும். துளைகளுக்கு உட்பக்கமாகக் கொசுவலை ஒட்டினால் தீர்ந்தது. இதை ஏன் எந்த விற்பனையாளரும் பானையோடு சேர்த்தே தருவதில்லை என்பது புரியாத விஷயம்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

கரண்டில் ஓடும் ‘கம்போஸ்ட் மெஷின்’களில் பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கி, அரைத்து, காயவைக்கின்றன. சில மணி நேரத்தில் வரும் அந்தத் தூள் உரம் இல்லை, காய்ந்த கழிவு. தண்ணீர் பட்டதும் மறுபடி பூசணம் பிடிக்கும், செடிக்கு நேராகப் போட்டால் வேர் வாடும். பானையின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கத் தகுதியானது இல்லை. பொகாஷி வாளி வேறு வகை: காற்றுப் புகாமல் தவிட்டோடு புளிக்கவைப்பது. சமைத்த மீதியும் மீனும் அதில் போகும், பானையால் முடியாத காரியம். ஆனால் புளித்ததை மண்ணில் புதைத்து இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். மண்ணே இல்லாத அபார்ட்மென்டில் பாதி வழியில் நின்றுவிடும். பக்கமெல்லாம் துளை போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு வைத்தாலும் வேலை நடக்கும், வடியும் நீருக்குக் கீழே தட்டு வைத்து, சருகைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும். இந்தப் பழக்கம் வீட்டில் ஒட்டுமா என்று சந்தேகம் இருப்பவர்கள் வாளியில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஒரு வீட்டுக் கழிவு பானைக்குள் போனால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று கேட்பவர்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரல் கடைசியில் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்ததை நினைத்துப் பார்க்கலாம். காற்றில்லாமல் குவிந்து அழுகும் ஈரக் கழிவில் மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு, எரியவும் எரியும். காற்றோட்டமான பானையில் அதே கழிவு மக்கும்போது மீத்தேன் பெரிதாக உண்டாவதில்லை. இன்னொன்று, ஈரக் கழிவு பிரிந்துவிட்டால் மீதிக் காகிதமும் பிளாஸ்டிக்கும் நனையாமல் இருக்கும், பழைய பேப்பர்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வார். 2016 திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

கைக்கு வருவது எவ்வளவு? 30 கிலோ ஈரக் கழிவுக்கு, சேர்த்த சருகோடு, ஏழெட்டுக் கிலோ. எடுத்ததைச் சாக்கில் கட்டி நிழலில் இரண்டு வாரம் ஆறவிட்டு, மணல் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்குவதை மேல் பானையில் திரும்பப் போட்டால் அதுவே அடுத்ததற்கு உறை. முற்றிவிட்டதா என்று பார்க்க, ஈரமாக்கிய உரத்தில் பத்து வெந்தயம் விதையுங்கள், பக்கத்தில் சாதாரண மண்ணில் பத்து. இரண்டிலும் ஒரேபோல் முளைத்தால் செடிக்குப் போடலாம். உரத்தில் முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம். தக்காளியும் பப்பாளியும் தானாக முளைத்து வரும், விதையைக் கொல்லும் சூடு பானைக்குள் வருவதில்லை என்பதால். பத்து அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி போதும். புதுத் தொட்டி நிரப்பினால் செம்மண், கோகோபீட், உரம் சம அளவு.

ஆர்டர் போடும் முன் வலையைப் பற்றி மட்டும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். தேங்காய்க் கயிற்றில் பின்னியது என்றால் வாங்காதீர்கள், அதுவும் சேர்ந்து மக்கிவிடும். 15 கிலோவும் ஒருநாள் அடியோடு கீழே இறங்கும். சாதாரண இரும்புக் கம்பி அந்த ஈரத்திலும் புளிப்பிலும் துருப்பிடித்து அறும். நைலான் கயிறு பரவாயில்லை. எவர்சில்வர் வலை தனியாக வெட்டித் தருகிறார்களா என்று கேளுங்கள். தந்தால் இரண்டாக வாங்கி வையுங்கள். மூடி உடைந்தால் மூடி மட்டும் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதலில் உடைவது எப்போதும் மூடிதான்.